ஐந்து மாதத்தில் மீண்டும் ஆயில் குடித்த டிப்பர் என்ஜின்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் பின்னணியும்

நாமக்கல் மாவட்டத்துக் கிரஷர்களிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றும் பத்துச் சக்கர டிப்பர் இது. 2006 மாடல். என்ஜின் 6பிடி 5.9 டர்போ: ஆறு சிலிண்டர், போர் (சிலிண்டர் துளை) 102 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120 மி.மீ., இன்லைன் பம்ப். 1993-ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்து டாடா லாரிகளில் வந்த என்ஜின். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. நல்ல காற்றும் நல்ல ஆயிலும் கிடைத்தால் பல லட்சம் கிலோமீட்டர் உழைக்கும். பழைய வண்டிகளை இன்னும் விடாமல் வைத்து ஓட்டுகிறவர்கள் இந்த நம்பிக்கையில்தான் ஓட்டுகிறார்கள்.

இந்த பிளாக்கைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கம்பெனியிலிருந்து வரும்போது இதில் லைனர், அதாவது தேய்ந்தால் மாற்றக்கூடிய உள் குழாய், கிடையாது. பிஸ்டன் நேரடியாக பிளாக்கிலேயே ஓடுகிறது. தேய்ந்தால் போரைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் 0.5 மி.மீ. ஓவர்சைஸ் போரிங், மறுபடி தேய்ந்தால் 1.0 மி.மீ. ஓவர்சைஸ். அதையும் தாண்டினால் பிளாக்கை 104.5 மி.மீ. வரை கடைந்து, ஸ்லீவ் (உள் குழாய்) இறக்கி, திரும்ப 102-க்குக் கொண்டுவர வேண்டும். எனவே தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு போரிங்கும் பிளாக்கின் ஆயுளைத் தின்கிறது.

மாசி மாதம் வேறொரு பட்டறையில் முழு என்ஜின் வேலை நடந்திருந்தது. 0.5 ஓவர்சைஸ் போரிங், புது பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை எல்லாம். வண்டி நன்றாகவே இழுத்தது. ஆடி பிறந்தபோது 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அதற்குள் 200 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைய ஆரம்பித்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. மேட்டில் இழுவை இல்லை. ரிங்கைத் தாண்டிக் கசியும் கேஸ், அதாவது பேக் கம்ப்ரஷன், ப்ரீத்தர் குழாயில் விடாமல் அடித்தது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ரிங் டூப்ளிகேட் என்றார் உரிமையாளர். ரன்னிங்-இன் (புது பாகங்கள் பழகும் ஓட்டம்) முடியும் முன்பே முழு லோடு அடித்துவிட்டார்கள் என்றது முதல் பட்டறை. ஹானிங் (போரின் சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் போடுவது) முடிந்து பிளாக்கைச் சரியாகக் கழுவவில்லை என்றார் டிரைவர். ரிங் மட்டும் மாற்றிக் கொடுக்கிறோம் என்று முதல் பட்டறை முன்வந்தது. உரிமையாளர் அதற்கு ஒப்பாமல் வண்டியை இரண்டாவது பட்டறைக்குக் கொண்டுவந்தார். இந்தப் பதிவு அங்கே நடந்ததைப் பற்றியது.

திறப்பதற்கு முன் பார்த்தவை

என்ஜின் சூட்டில் இருக்கும்போதே முதலில் ஆயில் பிரஷர் பார்க்கப்பட்டது. ஐட்லிங்கில் 1.4 பார், உயர் வேகத்தில் 3.3 பார். இந்த என்ஜினுக்குக் குறைந்தபட்சம் ஐட்லிங்கில் 0.7, முழு வேகத்தில் 2.07 பார் இருக்க வேண்டும். ஆக, பேரிங் பக்கம் குறை இல்லை. தண்ணீர் குறையவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறவும் இல்லை, டீசல் வாடையும் இல்லை. டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகி டீசல் ஆயிலில் கலந்து போரைக் கழுவியிருந்தால் இவற்றில் ஒன்றாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

கம்ப்ரஷன் ஆறு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தால் உடைந்த ரிங்கையோ, கெட்ட நாசிலையோ, எரிந்த வால்வையோ தேடலாம். ஆறும் ஒன்றாக இறங்கினால் ஆறுக்கும் பொதுவான ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது என்று பொருள். பொதுவானவை மூன்று: ஆயில், தண்ணீர், காற்று.

டர்போவின் காற்று வாய்க் குழாயைக் கழற்றியதும் சந்தேகம் ஒரு பக்கம் சாய்ந்தது. கம்ப்ரசர் சக்கரத்தின் இறக்கைகளில், காற்று முதலில் மோதும் முன் விளிம்பு கூர்மை போய் அரித்திருந்தது. ஷாஃப்ட் ஆட்டம் இயல்பாக இருந்தது. இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடமும் இல்லை. உரசாமல் முன் விளிம்பு மட்டும் மழுங்குவதற்கு ஒரே காரணம்தான் உண்டு: காற்றோடு மண் வந்து அடித்திருக்கிறது.

இந்த இடத்தில் பட்டறையிலேயே ஒரு தவறு நடந்தது. டர்போவோடு சேரும் ரப்பர் எல்போவை உதவியாளர் கழற்றிய கையோடு டீசலில் கழுவி வைத்துவிட்டார். பாகங்களைக் கழுவி அடுக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் தூசி எங்கிருந்து நுழைகிறது என்று தேடும்போது உள்ளே படிந்த தூசிதான் சாட்சி. எல்போவின் கிளாம்ப் வழியாகத் தூசி போனதா இல்லையா என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. தேடல் ஒரு நாள் நீண்டது.

அடியில் உள்ள ஆயில் சட்டியான சம்ப்பைத் திறக்கும் முன் ஆயில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. சிலிக்கான் 68, இரும்பு 190, குரோமியம் 14, அலுமினியம் 22, ஈயம் 6 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று அறிக்கை வந்தது. சிலிக்கான் மண்ணிலிருந்து, இரும்பு போரிலிருந்து, குரோமியம் ரிங்கிலிருந்து, அலுமினியம் பிஸ்டனிலிருந்து. நான்கும் கைகோத்து ஏறியிருக்க, பேரிங்கைக் காட்டும் ஈயம் மட்டும் தாழ்ந்து நின்றது. இறக்கையைப் பார்த்து எழுந்த சந்தேகத்தை இந்த அறிக்கையும் உறுதிப்படுத்தியது.

திறந்த பின் அளந்தவை

ஹெட்டை இறக்கியதும் போரின் மேல் ஓரத்தில் நகம் தட்டியது. ரிங் ஏறாத இடத்துக்கும் ஏறும் இடத்துக்கும் நடுவே படி விழுந்திருந்தது. 102.5-க்குப் போரிங் போட்ட சிலிண்டர்களில், மேல் ரிங் திரும்பும் இடத்தில் அதிகபட்சம் 102.68, கீழே 102.53. அதாவது 0.15 மி.மீ. டேப்பர் (மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம்). இந்த என்ஜினுக்கு அனுமதி 0.076 மட்டுமே. மேலே ஹானிங் கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. போர் கண்ணாடி போல இருந்தது. கீழே மூன்றில் ஒரு பங்கில் மாசி மாதம் போட்ட குறுக்குக் கோடுகள் அப்படியே தெரிந்தன.

மேல் ரிங்கைத் தேயாத அடிப்பகுதிக்குத் தள்ளி ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) பார்த்ததில் 1.9 மி.மீ. இருக்க வேண்டியது 0.40-லிருந்து 0.70 வரை. ரிங்கின் முகம் 0.1 மி.மீ. தேய்ந்தால் கேப் 0.6 மி.மீ.க்கு மேல் திறக்கும். அந்தக் கணக்கில் ஐந்து மாதத்தில் முகம் எவ்வளவு போயிருக்கிறது என்பது விளங்கும். ரிங் முகத்தில் பளபளப்பு இல்லை, செங்குத்தான மெல்லிய கீறல்கள். ஆயில் ரிங்கின் மெல்லிய விளிம்புகள் தட்டையாகியிருந்தன. வால்வு கைடில் வழக்கமாக எக்ஸாஸ்ட் பக்கம்தான் அதிகம் ஆடும். இங்கே இன்லெட் பக்கம் கூடுதலாக ஆடியது.

மெயின் பேரிங்கும் பெரிய முனை பேரிங்கும் சாம்பல் பூச்சு கலையாமல், கீறல் இல்லாமல் இருந்தன. கிராங்க் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி): மெயின் 82.98, ராடு 68.98. கீழ் வரம்பு 82.962, 68.962. கிரைண்டிங் தேவையில்லை.

சொல்லப்பட்ட காரணங்களை இந்த அளவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். ரிங் டூப்ளிகேட்டாக இருந்திருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். டர்போ இறக்கை ஏன் அரிக்க வேண்டும்? ஹானிங் பொடியைக் கழுவாமல் விட்டிருந்தால் அந்தப் பொடி ஆயிலோடு சுற்றி முதலில் பேரிங்கைத்தான் கீறியிருக்கும். போரின் அடிப்பகுதியிலும் கோடுகள் அழிந்திருக்கும். ஆரம்பத்திலேயே முழு லோடு அடித்தால் ரிங் சரியாக உட்காராமல் போகலாம், பிஸ்டன் பிடிக்கலாம். மேலே மட்டும் 0.15 தேயாது. மேலிருந்து கீழாகக் குறைந்துவரும் தேய்மானமும் சுத்தமான பேரிங்கும் சேர்ந்து ஒன்றைத்தான் சொல்லும்: மண் காற்று வழியாக வந்திருக்கிறது. ஆயில் வழியாக வந்திருந்தால் அடி பாகத்தில் தொடங்கியிருக்கும்.

நுழைந்த இடம்

என்ஜின் அறையை விட்டு வேலை சேஸிஸ் பக்கம் நகர்ந்தது. ஏர் ஃபில்டரில் குறைகள் இருக்கத்தான் செய்தன. ஹவுசிங்கின் அடியில் தூசியைக் கீழே தள்ளும் ரப்பர் வாய் காணவில்லை. வெளி எலிமெண்டை டயரில் தட்டித் தட்டிச் சுத்தம் செய்ததில் தகரம் நெளிந்திருந்தது. இதோடு தேடலை நிறுத்தியிருந்தால் ஃபில்டரின் மேல் பழியைப் போட்டுப் புதியது மாட்டி, வண்டியையும் அனுப்பியிருப்பார்கள். ஆனால் உள் எலிமெண்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தது. ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருந்தால் அது கறுத்திருக்கும்.

ஃபில்டரிலிருந்து எல்போ வரை போகும் நீளக் குழாயை நல்லவேளையாக யாரும் தொடவில்லை. வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி ஃபில்டர் முனையிலிருந்து விட்டுத் துடைத்தார்கள். துணி சுத்தமாக வந்தது. மறு முனையில் துடைத்தபோது ஆயில் பிசுக்கோடு ஒட்டிய சாம்பல் நிறத் தூசி. தூசித் தடம் தொடங்கும் இடத்தைத் தேடிக்கொண்டே வந்தால், பிரேக்குக்கான ஏர் கம்ப்ரசருக்குக் காற்று பிரியும் டீ இணைப்பில் போய் நின்றது. அதற்கு முன்னால் சுத்தம், பின்னால் தூசி.

இந்த வண்டியில் ஏர் கம்ப்ரசர் தனக்கென ஃபில்டர் இல்லாமல், என்ஜின் ஃபில்டர் சுத்தம் செய்த காற்றையே ஒரு சிறிய ரப்பர் ஹோஸ் வழியாக எடுக்கிறது. குழாயின் இரு முனையையும் ரப்பர் அடைப்பால் மூடி, ஹோஸைக் கம்ப்ரசரிலிருந்து கழற்றி அடைத்து, 0.3 பார் காற்று கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினார்கள். குமிழி எதுவும் வரவில்லை. லோடில் என்ஜின் மவுண்டிங்கில் ஆடும் திசையில் ஹோஸைக் கையால் வளைத்தபோதுதான் அதன் அடிப்பக்கத்தில் குமிழி பொங்கியது. இரண்டு அங்குல நீள வெடிப்பு. மாசியில் என்ஜினை இறக்கி ஏற்றியபோது பழைய ஹோஸையே மாட்டி, அதன் பழைய கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பியால் ஒரு பிராக்கெட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காய்ந்த ரப்பர் பிராக்கெட் முனையில் உரசி உரசி வெடித்திருக்கிறது.

டர்போவுக்குப் பின்னால் ஹோஸ் வெடித்தால் காற்று வெளியே பீய்ச்சும். சத்தம் வரும், கரும்புகை வரும், டிரைவருக்கு உடனே தெரியும். டர்போவுக்கு முன்னால் வெடித்தால் நிலைமை வேறு. அங்கே உறிஞ்சல் மட்டுமே இருக்கிறது. சத்தமில்லாமல் கிரஷர் தூசியை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இழுவையும் குறையாது.

ஒரு தடயம் முன்பே கண் முன்னால் இருந்தது. மாசிக்குப் பிறகு ஏர் கம்ப்ரசருக்கு இரண்டு முறை ரிங் கிட் மாற்றியிருந்தார்கள்; ஏர் டேங்க்கைத் திறந்தால் ஆயில் வருகிறது என்பதுதான் அப்போதைய புகார். என்ஜினும் கம்ப்ரசரும் ஒரே காற்றை உறிஞ்சுகின்றன. இரண்டும் சேர்ந்தாற்போல் ரிங் தேய்ந்தால் அந்தக் காற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரசர் வேலை ஒரு கடையில், என்ஜின் வேலை இன்னொரு கடையில் நடந்ததால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை.

எடுத்த முடிவுகள்

ரிங் மட்டும் மாற்றும் யோசனை முதலிலேயே தள்ளப்பட்டது. 0.15 டேப்பர் உள்ள போரில் புது ரிங் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் விரிந்து சுருங்கும். மேல் படியில் இடித்து உடையவும் கூடும்.

ஸ்லீவ் இறக்கி ஸ்டாண்டர்டுக்குத் திரும்பலாம் என்று உரிமையாளர் விரும்பினார். அதிகபட்ச தேய்மானம் 102.68-தான் என்பதால் 1.0 ஓவர்சைஸ் போரிங்கில் தாராளமாகச் சுத்தமாகிவிடும். ஸ்லீவ் வழியைக் கடைசித் தவணையாகக் கையில் வைத்திருப்பதே நல்லது என்று முடிவானது. ஆறு ஸ்லீவையும் சரியான இறுக்கத்தில் இறக்குவது லேத்துக்காரரின் கைத்திறனைப் பொறுத்த வேலை. ஒன்று தளர்ந்தாலும் பிளாக்கே பாழ்.

புது பிஸ்டன்கள் கைக்கு வந்து, ஒவ்வொன்றும் மைக்ரோமீட்டரில் அளந்து எண் போட்ட பிறகுதான் பிளாக் லேத்துக்குப் போனது. பிஸ்டனைக் குளிர்விக்கும் ஆயில் நாசில்களும் ஆயில் கேலரி பிளக்குகளும் கழற்றப்பட்டன. ஹானிங் கோடு பிளாக்கின் மேல் தளத்தோடு 15 முதல் 25 டிகிரி சாய்வில் விழ வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்த பிளாக்கைக் கழுவுவதில் ஒரு மதியம் முழுதும் போயிற்று, போக வேண்டியதும்தான். ஹானிங் பொடி டீசலுக்குப் போகாது. சுடுதண்ணீர், சோப்புப் பவுடர், நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, காற்றடித்து, உடனே ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் தெரியாமல் போகும் வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும். இந்த பிளாக்குக்கு நான்கு முறை ஆனது.

பொருத்துதல் வழக்கமான முறையில்தான். திறந்துவிட்டதால் பேரிங்குகள் புதிது போடப்பட்டன. மெயின் போல்ட் 60, 119, 176 நியூட்டன் மீட்டர் என்று மூன்று சுற்று. ராடு போல்ட் 35, 70, 100. ராடு, கேப் இரண்டிலும் உள்ள எண் ஒன்றாக இருந்து, ஆயில் கூலர் பக்கம் பார்க்க வேண்டும். ஹெட் போல்ட் எல்லாம் முதலில் 90. ராக்கர் பெடஸ்டல் வழியே இறங்கும் நீள போல்ட்டுகள் அடுத்து 120. கடைசியில் எல்லா போல்ட்டும் 90 டிகிரி திருப்பு. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. இன்லெட் கைடுகள் ஆடியதால் கைடு புஷ் இறக்கப்பட்டது. முன் கவர் திறந்திருந்த சமயத்தில் டைமிங் கியர் ஹவுசிங்கின் டவல் பின் (இடம் பிசகாமல் பொருத்தும் சிறு ஊசி) வெளியே நழுவாதபடி அதன் ஓரத்தைப் பஞ்ச் செய்து அடைத்தார்கள். இந்த என்ஜினில் அந்தப் பின் காலப்போக்கில் தளர்ந்து கியர்களுக்குள் விழுவதுண்டு. முன் கவரைத் திறக்கும் யாரும் அதைக் கவனிக்காமல் மூடக்கூடாது.

காற்றுப் பாதைக்கு என்ஜின் அளவுக்கே நேரம் கொடுத்தார்கள். டர்போவுக்கு உள் கூடு புதிது. இன்டர்கூலரையும் அதன் குழாய்களையும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றிக் கழுவியதில் சட்டியில் சாம்பல் நிற வண்டல் தங்கியது. அதை உள்ளேயே விட்டிருந்தால் புது ரிங் முதல் நாளே அந்த மண்ணைத் தின்றிருக்கும். கம்ப்ரசருக்கு நூலிழை வலுவூட்டிய புது ஹோஸ், பிராக்கெட்டைத் தொடாத புதுப் பாதை, ரப்பர் வைத்த கிளிப். ஃபில்டரின் இரண்டு எலிமெண்டும் புதிது, ரப்பர் வாய் புதிது. டிரைவர் கண்ணில் படும்படி ஃபில்டர் அடைப்புக் காட்டி ஒன்றும் பொருத்தினார்கள்; உறிஞ்சல் 635 மி.மீ. தண்ணீர் அளவைத் தொட்டால் சிவப்பு காட்டும்.

பின் நடந்தவை

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவுக்கு ஆயில் ஊற்றி, டீசலை நிறுத்தி, பிரஷர் ஏறும் வரை செல்ஃப் அடித்தார்கள். ஐட்லிங்கில் நீண்ட நேரம் விடவில்லை. அப்படி விட்டால் ரிங்கை போரோடு அழுத்தும் கேஸ் அழுத்தம் போதாமல் போர் வழவழப்பாகிவிடும். முதல் 1,000 கிலோமீட்டர் பாதி லோடு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டும்படி டிரைவரிடம் சொல்லப்பட்டது. 1,000-ல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்கள். அந்த ஆயிலைச் சோதனைக்கு அனுப்பவில்லை. புது வேலையில் சீலண்ட்டும் பொருத்தும்போது ஒட்டியதும் கலந்து சிலிக்கான் எப்படியும் ஏறித்தான் காட்டும்.

அடுத்த ஆயில் 10,000 கிலோமீட்டர் ஓடியபோது எடுத்த மாதிரியில் சிலிக்கான் 11, இரும்பு 28. மூன்றாவது மாதம் அடைப்புக் காட்டி சிவப்பு காட்டியது. டிரைவர் தட்டிச் சுத்தம் செய்யாமல் வண்டியைக் கொண்டுவந்தார், வெளி எலிமெண்ட் மாற்றப்பட்டது. ஒன்பது மாதத்தில் 46,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே ஆயில் எடுக்கிறது. ஏர் டேங்க்கில் ஆயில் வருவது நின்றுவிட்டது. டீ இணைப்புக்குப் பின்னால் விட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பியது. முன் கவர் கேஸ்கெட்டில் லேசான கசிவு ஒன்று வந்து, அது மட்டும் ஒருமுறை திறந்து சரிசெய்யப்பட்டது.

உரிமையாளர் தன் மற்ற இரண்டு டிப்பர்களையும் அனுப்பிவைத்தார். ஒன்றில் அதே கம்ப்ரசர் ஹோஸ் காய்ந்து விரல் அழுத்தினால் கோடு விழும் நிலையில் இருந்தது. சில நூறு ரூபாய் வேலை, அன்றே மாற்றப்பட்டது.

இனி மாற்றிக்கொண்டவை

ஆயில் குடிக்கும் வண்டி வந்தால் எதையும் கழற்றும் முன் காற்றுப் பாதையை இணைப்பு இணைப்பாகப் புகைப்படம் எடுத்து, வெள்ளைத் துணி போட்டுத் துடைத்துப் பார்க்காமல் எந்தக் குழாயையும் கழுவுவதில்லை என்று பட்டறையில் முடிவு செய்திருக்கிறார்கள். ஏர் கம்ப்ரசருக்கு எப்போது வேலை பார்த்தார்கள் என்ற கேள்வியும் வேலைச் சீட்டில் சேர்ந்துவிட்டது. என்ஜின் இறக்கி ஏற்றும் எந்த வேலையிலும் ஃபில்டரிலிருந்து டர்போ வரை, கம்ப்ரசர் ஹோஸ் உட்பட, ரப்பர் பாகங்கள் அனைத்தும் மதிப்பீட்டிலேயே சேர்க்கப்படுகின்றன. வேண்டாம் என்று உரிமையாளர் சொன்னால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

முதல் பட்டறையின் போரிங்கில் குறை இல்லை என்பதை அளவுகளோடு உரிமையாளரிடம் எடுத்துச் சொன்னார்கள். ரிங் கொடுத்த கடைக்காரரிடம் அவர் கேட்டிருந்த நஷ்டஈட்டையும் விட்டுவிட்டார்.

பிளாக்கின் பக்கவாட்டில் 1.0 என்று பஞ்ச் அடித்திருக்கிறது. அடுத்த முறை திறந்தால் ஸ்லீவ்தான் என்பது உரிமையாளருக்குக் கொடுத்த சீட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது.